ஹினாவன் தீவின் தொள்ளாயிரம் ‘ஆம்’

ஹினாவன் தீவு
ஜனவரி 12

அன்புத் தங்கை, என் இந்தாய் வென்சிக்கு,

ஐஸ் எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. இன்று காலை முதல் ஐஸ் விழுந்தது. சொன்னவன், எந்திரத்தை இயக்கும் மோலாய். நானும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டதால் செய்தி உறுதி.

நீ நலமா? முதுகுவலி எப்படி? என் முழங்கால் படகில் ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறது. இறங்கும்போது அதற்கு ஒரு குறையும் இல்லை.

இலோய்லோ நகரத்தில் முப்பது வருடம் செய்தி எழுதிவிட்டு ஓய்வெடுக்க வந்தவனை மீனவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். "மனோங் செல்மோ, உங்களுக்குத்தான் எழுத வரும்" என்றார்கள். உன் அண்ணன் இங்கே ஊருக்கே மனோங். நான் எழுதிய முதல் மனு உன் கம்பெனிக்குப் போய், எந்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது. இனி பிடித்த மீனை மதியத்துக்குள் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டாம். கருவாடு போடவும் வேண்டாம். ஐஸ் இருந்தால் வாரம் இருமுறை இங்கே நிற்பதாக மீன் வியாபாரியின் படகு வாக்குக் கொடுத்திருக்கிறது.

கடைக்கார அக்கா மனாங் லூடிங் அந்த நிமிடமே ஐஸைச் சீவி, பாலும் பழமும் கலந்து ஹாலோ-ஹாலோ போட ஆரம்பித்துவிட்டாள்.

"மோலாய், கைய கழுவினியா? அந்தக் கையாலயே அள்ளுற?"

"ஐஸே தண்ணிதான மனாங். அள்ளும்போதே கழுவிக்கிச்சு."

பாக்கி நிற்பது ஒன்று. எந்திரத்தோடு கையேடு வரவில்லை. ஓர் அட்டையில், கைபேசியால் படம் பிடிக்க ஒரு கறுப்புக் கட்டமும் ‘இணையத்தில் காண்க’ என்ற வரியும் மட்டும் இருந்தன. இது உங்கள் வேலையா, அல்லது புத்தகம் பின்னால் வருகிறதா? பதில் புதன்கிழமைப் படகில் கிடைத்தால் நல்லது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
அன்செல்மோ


இலோய்லோ
ஜனவரி 20

அன்புள்ள மனோங்,

முழங்காலுக்கு என் வணக்கம். என் முதுகு நாற்காலியோடு சமாதானமாகிவிட்டது.

அட்டை என் வேலைதான். புத்தகம் வராது. இதற்கு முன் தீவுகளுக்குப் போன கையேடுகள் உப்புக்காற்றில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, ஒரு செங்கல் மாதிரி திரும்பி வந்தன. அதனால் எல்லாக் கையேடுகளையும் இணையத்தில் போடப்போகிறோம். எதன் வழியாகப் போடுவது என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். இப்போதைக்குத் தற்காலிகம். ஜூலை பதினைந்தில் நிரந்தரமா, வீடா என்று தெரியும். சொல்லப்போகிறவர் எங்கள் தலைவர், எஞ்சினியர் பார்சேலோ.

இரண்டு மென்பொருள்கள் கடைசிச் சுற்றில் நிற்கின்றன. அவற்றின் பெயரை விடுங்கள். நான் வைத்த பெயரைச் சொல்கிறேன்.

ஒன்று, மேயர். பாண்டு வாத்தியத்தோடு வருவது. உலாவியைத் திறந்து அதிலேயே எழுதலாம், நான்கு பேர் சேர்ந்து திருத்தலாம், ஓரத்தில் சண்டை போட்டுக்கொள்ளலாம். பார்க்க அத்தனை அழகு. எழுதியதெல்லாம் எங்கோ வெளிநாட்டுக் கணினியில் இருக்கும். யாராவது கேட்கும்போது அங்கிருந்து பக்கம் உருவாகி வரும். மாத வாடகை உண்டு.

மற்றது, தபால்காரர். வெறும் எழுத்தாகக் கோப்புகளில் எழுதி வைத்தால், அது எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே செய்து கட்டாகக் கட்டிக் கொடுத்துவிடும். இலவசம். ஆனால் தோற்றம் பள்ளிக்கூட நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

எஞ்சினியருக்கு மேயரைப் பிடித்துவிட்டது. மூன்று தீவுகளில் மேயரைச் சோதனைக்கு விட்டிருக்கிறோம். உங்கள் ஹினாவனும் அதில் ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இது உதவியதா?’ என்று கேட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள் வைத்திருக்கிறேன். மோலாயிடம் உள்ளதை உள்ளபடி அமுக்கச் சொல்லுங்கள்.

கைபேசியில் பெருவிரலால் எழுதுவது உங்களுக்கு ஆகாது என்பதால் நானும் பேனா பிடிக்கிறேன். எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.

ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் இந்தாய்,
வென்சி


ஹினாவன் தீவு
பிப்ரவரி 1

அன்பு வென்சி,

உன் கையேடு ஹினாவனில் வாசிக்கப்பட்டது. மனாங் லூடிங் கடை வாசலில், நேற்று மாலை, என் கண் முன்னால்.

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று உன் எழுத்தின் சாய்வைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தீவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் லூடிங் கடை. கூரையில் கம்பம் நட்டு, கீழே காசு போட்டால் இணையம் கொடுக்கும் பெட்டி வைத்திருக்கிறாள். காசு தீர்ந்தால் இணையமும் தீரும். அங்கே நின்று மோலாய் உன் அட்டையைப் படம் பிடித்தான். எந்திரத்தின் படம் திரையில் வந்ததும் பெரிய ஆரவாரம்.

"இது நம்ம மனோங் தங்கச்சி எழுதினது!" என்று கூவினான்.

"அந்தச் சின்னப் பொண்ணா? குச்சி மாதிரி இருக்குமே?"

"அதேதான். எல்லாரும் ஆம் அமுக்குங்க."

அமுக்கினார்கள். பாதிரியாரும் ஜெபமாலையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அமுக்கினார். அவர் ஐஸ் எந்திரத்தைத் தொட்டதில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பாக்கி: வியாபாரியின் படகு. முதல் முறை சனிக்கிழமை வருகிறது.

உன் அண்ணன்,
அன்செல்மோ


இலோய்லோ
பிப்ரவரி 15

அன்புள்ள மனோங்,

உங்கள் ஊருக்கு ஒரு பாட்சோய் நூடுல்ஸ் விருந்தே வைக்க வேண்டும். நல்ல சூடாக, எலும்புச் சாறோடு.

மூன்று தீவுகளில் ஹினாவன்தான் முதலிடம். தொள்ளாயிரத்துக்கும் மேல் ‘ஆம்’. ஒரே ஒரு ‘இல்லை’ கூட இல்லை. எஞ்சினியர் பார்சேலோ அதை வரைபடமாக்கி, அச்சடித்து, உணவகச் சுவரில் ஒட்டிவிட்டார். சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் என் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

"வென்சி, பாத்தியா? மேயர் ஜெயிச்சாச்சு. ஏப்ரல் கடைசில மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார்.

"தபால்காரரையும் ஒரு தடவ விட்டுப் பாக்கலாமே சார்?"

"எதுக்கு? ஓடுற எந்திரத்த நிறுத்திட்டு வேற எந்திரம் பாப்பாங்களா?"

அவர் இந்த வேகத்தில் இருந்தால் ஜூலை பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல். நான் எழுதியதில் எல்லாமே சரியாக இருக்க வாய்ப்பில்லை. பள்ளியில் நான் எழுதிய கட்டுரையில் நீங்கள் போட்ட சிவப்புக் கோடுகள் நினைவிருக்கின்றன.

ஐஸ் எப்படிப் போகிறது? வியாபாரி வந்தாரா? விவரமாக எழுதுங்கள். முழங்காலுக்கு இஞ்சி எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்; சமையலுக்கு ஊற்றிவிட வேண்டாம்.

உங்கள் இந்தாய்,
வென்சி


ஹினாவன் தீவு
மார்ச் 10

அன்பு வென்சி,

பதில் தாமதம். கடல் கொஞ்சம் குதித்தது.

தேவாலயத்துக்குப் புது மணி வந்திருக்கிறது. சொன்னவர் பாதிரியார், அடித்தும் காட்டினார். பழைய மணியைவிடக் குரல் கனம்.

நான் நலம். எண்ணெய் வாசனை நன்றாக இருக்கிறது. சாப்பாடும் நன்றாகப் போகிறது. காலையில் கருவாடும் பூண்டுச் சோறும். லூடிங் மீனை வினிகரில் போட்டு வேகவைத்து இரண்டு நாள் வைத்துத் தருகிறாள். வைக்க வைக்க ருசி. ஞாயிற்றுக்கிழமை மோலாய் மகளுக்கு ஞானஸ்நானம். எல்லோருக்கும் கோக் வாங்கிக் கொடுத்தான். வெதுவெதுப்பான கோக் தொண்டைக்கு நல்லது என்று பாதிரியார் சொன்னார்.

ஐஸ் பற்றிக் கேட்டிருந்தாய். எந்திரம் நல்ல எந்திரம்.

உன் வரைபடம் சுவரில் இருப்பது எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கை தட்டினார்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்,
அன்செல்மோ


இலோய்லோ
மார்ச் 17

அன்புள்ள மனோங்,

உடம்பு நலமா என்று கேட்கிறேன், பதிலை நம்பப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு படித்தேன். காலையில் கருவாடு. மதியம் வினிகர் மீன். ஞானஸ்நான விருந்தில் வெதுவெதுப்பான கோக். ஐஸ் விழுந்த முதல் நாளே ஹாலோ-ஹாலோ போட்ட ஊரில், ஒரு விருந்துக்குக் குளிர்ந்த கோக் இல்லை. வியாபாரியின் படகு சனிக்கிழமை வருகிறது என்று பிப்ரவரியில் எழுதினீர்கள். வந்ததா என்று மார்ச்சில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, பாக்கி நிற்பது என்ன என்று சொல்லாமல் நீங்கள் ஒரு கடிதத்தை முடித்ததில்லை. இந்தக் கடிதத்தில் ‘வேறு ஒன்றும் இல்லை’.

மனோங், எந்திரம் எப்போது நின்றது?

என் ஜூலைக்காகத்தான் சொல்லவில்லை என்று தெரியும். அந்தச் சுவர் வரைபடத்தைக் கிழிக்க உங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டால் மூன்று வருடம். உங்கள் தீவு மட்டுமல்ல, எங்கள் எந்திரம் இருக்கிற எல்லாத் தீவுகளும் அந்த மூன்று வருடமும் கருவாடு சாப்பிடும். அதன் மேல் உட்கார்ந்து எனக்கு நிரந்தர வேலை இனிக்காது.

நடந்ததை எழுதுங்கள். செய்தியாளர் எழுதுவது போல. அண்ணன் எழுதுவது போல வேண்டாம்.

உங்கள் இந்தாய்,
வென்சி


ஹினாவன் தீவு
மார்ச் 24

அன்பு வென்சி,

எந்திரம் பிப்ரவரி மூன்றாவது வாரத்திலிருந்து நிற்கிறது. சொல்பவன் நான். பக்கத்திலேயே நின்று பார்த்தவன்.

உச்சி வெயிலில் கரண்ட் போனது, திரும்பி வந்தது. எந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோலாய் உன் கையேட்டைப் பார்க்கக் கிளம்பினான். எந்திரம் படகுத்துறையில், லூடிங் கடை மேட்டில். ஏறிப்போய்க் காசு போட்டான். நடுவில் வட்டம் சுற்றியது. முதலில் உன் கம்பெனியின் கொடிப் படம் வந்தது. பிறகு எந்திரத்தின் படம், அதுவும் மெதுவாக, திரைச்சீலை இறங்குவது போல. காசு தீர்ந்தது. இன்னொரு காசு. இந்த முறை முதல் நான்கு படிகள் வந்தன. மனப்பாடம் செய்துகொண்டு மேட்டிலிருந்து ஓடினான்.

கீழே வந்ததும் என்னைப் பார்த்தான்.

"மனோங், வால்வ மூடிட்டு பொத்தான அமுக்கணுமா, பொத்தான அமுக்கிட்டு வால்வ மூடணுமா?"

"என்னக் கேட்டா? படிச்சது நீதான?"

"படிச்சேன். வர்ற வழில லூடிங் நாயி தொரத்துச்சு. வரிச மாறிப் போச்சு."

பொத்தானை முதலில் அமுக்கினான். திறந்திருந்த வால்வு வழியாகத் தண்ணீர் பெருகி, ஐஸ் செய்யும் உருளையைச் சுற்றி உறைந்து, எந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. உங்கள் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டோம். அவர் ஒருவர்தானாம், புனித வாரம் முடிந்துதான் வருவாராம். அதற்குள் வியாபாரியின் படகு இரண்டு முறை வந்து, ஐஸ் இல்லை என்று நிற்காமல் போய்விட்டது. மூன்றாவது முறை இந்தப் பக்கமே வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. அன்று சாயங்காலம் மோலாய் மறுபடி கடைக்குப் போய், காசு போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘ஆம்’ அமுக்கினான்.

"ஏன்டா? அதுதான் ஒண்ணுமே உதவலையே?"

"மனோங், ஒருத்தர் கஷ்டப்பட்டு எழுதியிருக்காங்க. கேக்கவும் கேக்குறாங்க, உதவிச்சான்னு. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிச் சொல்றது? நம்ம வீட்ல சாப்பிட்டவன் நல்லால்லன்னு சொல்லுவானா?"

மறுநாள் படகில் உன் கடிதம் வந்தது. சுவரில் வரைபடம், தோளில் தட்டல். நானும் மோலாய் செய்ததையே செய்தேன்.

பாக்கி: ரிப்பேர்காரர், ஏப்ரல் நடுவில். உன் எஞ்சினியர் என்ன சொல்வார் என்பது, உன் அடுத்த கடிதத்தில்.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் உண்மையிலேயே நலம். இதை நம்பலாம்.

உன் அண்ணன்,
அன்செல்மோ


இலோய்லோ
ஏப்ரல் 5

அன்புள்ள மனோங்,

உங்கள் நலத்தை நம்புகிறேன். நானும் நலம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் ரிப்பேர் பிரிவுக்குப் போனேன். ஹினாவன் பெயர் அவர்கள் பலகையில் பிப்ரவரியிலிருந்தே இருக்கிறது. அவர்களும் நாங்களும் ஒரே மாடி. நடுவில் ஒரு காபி எந்திரம்தான். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. அங்கிருந்து நேராக எஞ்சினியர் பார்சேலோவின் மேசைக்குப் போனேன்.

"சார், மேயருக்குக் கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன்? ஹினாவன்ல தொள்ளாயிரம் ஆம் இருக்கே!"

"சார், அந்த எந்திரத்த ஓட்டுறது ஒரே ஒருத்தர்."

பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். நாய் துரத்திய இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப மத்த ரெண்டு தீவு?"

"அங்கயும் ஒரு இல்லை கூட இல்ல சார். நம்ம ஆளுங்க யார் சார் மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லியிருக்காங்க? நீங்க போன மாசம் கான்டீன் சூப் எப்படின்னு கேட்டப்ப எல்லாரும் என்ன சொன்னோம்?"

"நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, "மே மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். உன் தபால்காரர ஹினாவனுக்கு அனுப்பு. அவரும் மலையேறிக் காசு போடணும்னா ரெண்டு பேருமே வேணாம்" என்றார். ஜூலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த உறைக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. முழுக் கையேடும் அதில் கட்டாக இருக்கிறது. கைபேசியில் ஏற்றிவிட்டால் சிக்னல் வேண்டாம், காசு வேண்டாம், மேடு ஏற வேண்டாம். எந்திரத்தின் முன்னால் நின்றே தேடலாம், படிக்கலாம். ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பலாம். கம்பெனிக் கொடியை எடுத்துவிட்டேன். கரண்ட் போய் வந்தால் செய்ய வேண்டியது முதல் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு திரைக்கு ஒரு படி.

‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் தூக்கிவிட்டேன். அதற்குப் பதில் ‘எந்தப் படியில் அதிக நேரம் ஆனது? அதைத் தொடவும்’ என்று மட்டும் கேட்டிருக்கிறேன். தொட்டது கைபேசியிலேயே இருக்கும். எப்போதாவது லூடிங் கடைப் பக்கம் போனால் தானாக எங்களுக்கு வந்து சேரும்.

நீங்கள் மோலாய் செய்ததையே செய்தது பற்றி: நானும் என் பங்குக்கு அந்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவள்தான்.

உங்கள் இந்தாய்,
வென்சி


ஹினாவன் தீவு
மே 4

அன்பு வென்சி,

ஐஸ் விழுகிறது. ஆதாரம், என் பற்கள். கடைவாயில் ஒன்று இன்னும் கூசுகிறது.

நலமே. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருந்தாலும் கான்டீன் சூப்பைத் தவிர்.

ரிப்பேர்காரர் ஏப்ரலில் வந்து உருளையை விடுவித்துவிட்டுப் போனார். நேற்று ஊர்த் திருவிழா. பவனி படகுத்துறைக்கு வந்த நேரத்தில் கரண்ட் போய்த் திரும்பியது. சிவப்பு விளக்கு. ஊரே அங்கே நின்றது. பாதிரியாரும் மேளக்காரர்களும் கூட. உன் கையேடு அதற்குள் தீவில் இருக்கிற எல்லாக் கைபேசிக்கும் பரவியிருந்தது; பிள்ளைகள் விளையாட்டுக்கு அனுப்பிக்கொள்வது போல அனுப்பிக்கொண்டார்கள். மோலாய் தன் கைபேசியை நற்செய்திப் புத்தகம் போல உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணி வால்வ மூடவும்!" என்று உரக்கப் படித்தான்.

ஜெபத்துக்குப் பதில் சொல்கிற பழக்கத்தில் கூட்டம் மொத்தமும் சொன்னது: "மூடியாச்சு!"

"பச்ச விளக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கவும்!"

"காத்திருக்கோம்!"

"டேய், யாராச்சும் உண்மைலயே வால்வ மூடினீங்களா?" என்று லூடிங் கத்தினாள். யாரும் மூடியிருக்கவில்லை. மோலாய் அசடு வழிய ஓடி மூடினான். அதன் பிறகு படிக்குப் படி ஜெபம், பதில், வேலை. ஏழாவது படியில் மட்டும் கொஞ்சம் தடுமாறினான். கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடித்தார்கள்.

பிறகு ஒரு சிறு குழப்பம்.

"மனோங், ஆம் பொத்தானக் காணோம். நன்றி எப்படிச் சொல்றது?"

"எந்தப் படில நேரம் ஆச்சுன்னு கேக்குறா பாரு. அதத் தொடு."

அவன் கடைசிப் படியைத் தொடப் போனான். எல்லாம் முடிந்தது, எங்கும் நேரம் ஆகவில்லை என்று காட்டுவதற்காம்.

"மோலாய், நீ ஏழுல முழிச்சத ஊரே பாத்துச்சு. அதச் சொல்லாம விட்டா, அடுத்த தீவுல ஒருத்தன் அதே ஏழுல முழிப்பான். என் தங்கச்சி அத நெனச்சு நெனச்சு சாப்பிட மாட்டா. இப்பவே குச்சி மாதிரி இருக்கா."

"ஐயோ, அப்படியா?" என்று ஏழாவதைத் தொட்டான். பக்கத்தில் நின்றவர்களும் உன் உடம்பு நலனுக்காக ஏழாவதைத் தொட்டார்கள். எத்தனை பேர் உண்மையில் படித்தார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை. மோலாயுடையது மட்டும் உறுதி.

நன்றிக்காகக் காய்ந்த கணவாய் ஒரு பெட்டி வருகிறது. ஐஸ் இல்லாத நாட்களில் போட்டது, இனி கிடைக்காது.

பாக்கி: வியாபாரியின் படகு திரும்ப வருமா என்பது. ஆள் அனுப்பியிருக்கிறோம். இரண்டு வாரத்தில் தெரியும்.

உன் அண்ணன்,
அன்செல்மோ


இலோய்லோ
மே 26

அன்புள்ள மனோங்,

பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நான் நலம். கணவாய் தின்று கொஞ்சம் குண்டாகியிருக்கிறேன் என்று மோலாயிடம் சொல்லுங்கள்.

ஏழாவது படியைத் தொட்டவர்கள் எழுபத்திரண்டு பேர். எஞ்சினியர் பார்சேலோ அந்த எண்ணைப் பார்த்ததும், "இதுல எத்தன பேரு பாதிரியார்?" என்று கேட்டார். ஆனால் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். படத்தில் கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது. உங்கள் எந்திரத்தைச் சுவரை ஒட்டித் திருப்பி வைத்ததால் கைப்பிடி வலது பக்கம் வந்துவிட்டது. மற்ற இரண்டு தீவுகளிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். யாரும் சொன்னதில்லை. அன்று மதியமே படத்தை மாற்றினேன். புதிய கட்டு இந்த உறையில் இருக்கிறது.

தபால்காரர்தான் என்று முடிவாகிவிட்டது. நேற்று எஞ்சினியர் உணவகச் சுவரிலிருந்து வரைபடத்தைத் தானே பிய்த்து எடுத்து, அதில் ஒரு கணவாயை வைத்து மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அவருக்கு இதில் கஷ்டமும் உண்டு. மேயரில் என்றால் உலாவியிலேயே திருத்துவார். இப்போது எங்களைப் போல வெறும் கோப்பில் எழுத வேண்டும். முதல் நாள் எங்கோ ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டார். கட்டு உருவாகவே இல்லை.

"வென்சி, உன் தபால்காரர் என் லெட்டர எடுத்துக்க மாட்டேங்கறார்!"

"சார், எந்த வரில நின்னதுன்னு அவரே சொல்லியிருக்கார், பாருங்க."

பார்த்தார். "மூஞ்சிக்கு நேரா சொல்றாரே" என்றார்.

ஜூலை பற்றி இன்னும் ஒன்றும் இல்லை. ஆனால் நேற்று என்னிடம் கான்டீன் சூப் எப்படி இருக்கிறது என்று கேட்டார். உப்பு அதிகம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

வியாபாரி வந்தாரா?

உங்கள் இந்தாய்,
வென்சி


ஹினாவன் தீவு
ஜூன் 9

அன்பு வென்சி,

வியாபாரியின் படகு துறையில் நிற்கிறது. சொல்பவன் நான்; நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இது இரண்டாவது முறை. முதல் முறை நேரில் பேச வந்தார். இந்த முறை மீனுக்கு வந்திருக்கிறார். மோலாய் ஐஸை அள்ளி அள்ளிப் போடுகிறான். லூடிங் கையைக் கழுவச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

பல் நலம். முழங்கால் வழக்கம் போல. நீ குண்டாகிவிட்ட செய்தியைச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தேன். பலத்த கைதட்டல்.

புதிய கட்டு எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது. படத்தில் கைப்பிடி இப்போது வலது பக்கம் இருக்கிறது. போன வாரம் கரண்ட் போனபோது நான் துறைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெபம் இல்லை, மேளம் இல்லை. செய்தியாளனாக எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஒரு புகாரும் உண்டு. உன் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘தேவையான அளவு உப்பு நீக்கவும்’ என்று இருக்கிறது. தேவையான அளவு என்பது எவ்வளவு? யார் அளந்தது? என் பத்திரிகையில் இந்த வரி அச்சுக்குப் போயிருக்காது. என் கைபேசியில் அந்தப் படியை நானே தொட்டுவிட்டேன். தொடுவதற்கு முன் கை கொஞ்சம் தயங்கியது, தங்கை எழுதியதாயிற்றே. தொட்ட பிறகு லூடிங் கடையில் உட்கார்ந்து ஒரு கோக் குடித்தேன். தலை வலிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

இந்தக் கடிதம் தபால் பையில் வரவில்லை. உனக்கென்று மோலாய் இரண்டு லாப்பு-லாப்பு மீனை எடுத்து வைத்தான். அதே பெட்டியில், ஐஸின் மேல் வைத்து அனுப்புகிறேன். மை ஓடிவிடும் என்பதால் பென்சிலில் எழுதியிருக்கிறேன். காகிதம் உன் கைக்கு ஈரமாக வந்தால், மேலே சொன்ன செய்திக்கு இரண்டாவது ஆதாரம் அதுதான்.

மீன் ஒன்றை எஞ்சினியருக்குக் கொடு. எப்படி இருந்தது என்று கேட்டு எழுது. உண்மையைச் சொல்லச் சொல்.

பாக்கி நிற்பது உன் நிரந்தர உத்தரவு. எதிர்பார்க்கும் நாள் ஜூலை 15. அன்று திங்கட்கிழமை, படகு புதன்கிழமைதான். அந்தத் திங்கள் முதல் படகு வரும்வரை துறையில் இருப்பேன்.

உன் அண்ணன்,
அன்செல்மோ